அல்ட்ராசவுண்டு இரைச்சல் நீக்கும் ப்ராஜெக்ட்: ஃபில்ட்டரைத் தொடும் முன் செய்ய வேண்டியவை

பயோமெடிக்கல், ஈசிஇ, கம்ப்யூட்டர் சயின்ஸ் என எந்தத் துறையாக இருந்தாலும், ஃபைனல் இயரிலோ எம்.இ. தீசிஸிலோ ‘அல்ட்ராசவுண்டு படங்களில் ஸ்பெக்கிள் குறைத்தல்’ என்ற தலைப்பு யாராவது ஒருவர் தலையில் விழுந்தே தீரும். கேட்க எளிதாகத்தான் இருக்கும். படம் எடு, ஃபில்ட்டர் போடு, பிஎஸ்என்ஆர் (சுத்தமான படத்தோடு ஒப்பிட்டு இரைச்சலை அளக்கும் எண்) டேபிள் போடு, முடிந்தது என்று தோன்றும். இந்தப் படம் எங்கிருந்து வந்தது, யார் அனுமதி கொடுத்தார்கள், எதை வைத்து ‘சுத்தமான படம்’ என்கிறீர்கள் என்று ரெவ்யூவில் கேட்டால்தான் வண்டி நின்றுவிடும். அந்தப் பாதையில் நிறைய அல்லாடிய பிறகு எழுதுகிறேன். ஃபில்ட்டர் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள், அதனால் நான் தரவு, காகிதம், அளவீடு ஆகியவற்றுக்குத்தான் அதிக இடம் கொடுக்கப் போகிறேன்.

1. எந்த இரைச்சல் என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

அல்ட்ராசவுண்டில் ‘நாய்ஸ்’ என்று சொல்லும்போது குறைந்தது மூன்று வேறு விஷயங்கள் கலந்துவிடுகின்றன.

முதலாவது ஸ்பெக்கிள். திசுவுக்குள் கருவியால் பிரித்துக் காட்ட முடியாத அளவுக்குச் சிறிய சிதறல் புள்ளிகள் ஏராளமாக இருக்கும். அவற்றின் எதிரொலிகள் ஒன்றோடொன்று கூடியும் கழிந்தும் வருவதால் உண்டாகும் பொரிப் பொரியான அமைப்புதான் இது. இரண்டாவது மின்னணு இரைச்சல். ஆழத்தில் எதிரொலி வலுவிழந்த இடத்தில் கெயினை ஏற்றினால் புகைமூட்டமாகத் துடிக்குமே, அது. மூன்றாவது வெளி மின் குறுக்கீடு. எர்த்திங் சரியில்லாத அறை, பக்கத்தில் ஓடும் மோட்டார் போன்றவற்றால் கோடு கோடாகவோ பட்டையாகவோ மின்னும். இந்த மூன்றாவதுக்கு ஃபில்ட்டர் எழுதாதீர்கள், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

முதல் இரண்டையும் பிரிக்க ஓர் எளிய சோதனை உண்டு. ப்ரோபை அசையாமல் பிடித்துக்கொண்டு, கருவியில் பெர்சிஸ்டென்ஸை (முந்தைய ஃப்ரேம்களைக் கலந்து காட்டும் வசதி) அணைத்துவிட்டு, தொடர்ச்சியாகச் சில ஃப்ரேம்களைச் சேமியுங்கள். அடுத்தடுத்த இரண்டு ஃப்ரேம்களைக் கழித்துப் பாருங்கள். ஸ்பெக்கிள் அப்படியே கழிந்து காணாமல் போகும், ஏனென்றால் ப்ரோபும் திசுவும் அசையாதவரை அது ஒவ்வொரு ஃப்ரேமிலும் அச்சுப் பிசகாமல் அதேதான். மிச்சம் நிற்பது மின்னணு இரைச்சல். இதை மூச்சு விடும் மனிதரிடம் செய்ய முடியாது, ஃபேண்டம் (திசு மாதிரி செய்து வைத்த சோதனைப் பொருள்) வேண்டும், அதற்குக் கீழே வருகிறேன்.

இந்தச் சோதனையின் விளைவு பெரியது. நிலையான காட்சியின் பல ஃப்ரேம்களைச் சராசரி எடுத்தால் மின்னணு இரைச்சல் ஃப்ரேம் எண்ணிக்கையின் வர்க்கமூல அளவுக்குக் குறையும், ஸ்பெக்கிள் ஒரு துளியும் குறையாது. ஸ்பெக்கிள் குறைய வேண்டுமென்றால் கோணத்தையோ அலைவரிசையையோ மாற்றி எடுத்த, ஒன்றுக்கொன்று சார்பில்லாத படங்களைச் சராசரி எடுக்க வேண்டும். கருவிகளில் காம்பவுண்டிங் என்று ஒரு பட்டன் இருப்பது இதற்காகத்தான்.

2. உங்கள் கையில் இருக்கும் படம் எத்தனை கை மாறி வந்தது என்று கண்டுபிடியுங்கள்

பாடப்புத்தகத்தில் ஸ்பெக்கிள் ரேலே பரவலைப் பின்பற்றும், சராசரியை நியமவிலக்கத்தால் வகுத்தால் 1.91 வரும் என்று போட்டிருக்கும். அது என்வலப் (எதிரொலி அலையின் வலுவை மட்டும் எடுத்த சிக்னல்) நிலையில் உண்மை. நீங்கள் பார்க்கும் படமோ அதற்குப் பிறகு லாக் கம்ப்ரஷன் (மடக்கை எடுத்து வீச்சைச் சுருக்குவது), சாம்பல் நிறப் பட்டியல், விசிறி வடிவத்துக்கு மாற்றும் ஸ்கேன் கன்வர்ஷன், கடைசியில் ஜேபெக் என்று எல்லாவற்றையும் தாண்டி வந்தது. போதாக்குறைக்குக் கருவி நிறுவனங்களே தங்கள் ஸ்பெக்கிள் குறைப்பைப் போட்டுவிடுகின்றன. ஜிஇ கருவிகளில் எஸ்ஆர்ஐ, க்ராஸ்எக்ஸ்பீம், ஃபிலிப்ஸில் எக்ஸ்ரெஸ், சோனோசிடி என்ற பெயர்களில் வருவதெல்லாம் இவைதான். ஏற்கெனவே ஃபில்ட்டர் ஆன படத்துக்கு மேல் இன்னொரு ஃபில்ட்டர் போட்டு ‘ஸ்பெக்கிளை நீக்கினோம்’ என்று எழுதும் தீசிஸ்கள் நம்மிடம் ஏராளம்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு கணக்கு சொல்கிறேன். முழுமையாக உருவான ஸ்பெக்கிளின் நியமவிலக்கம் டெசிபல் அளவில் சுமார் 5.57, படம் அங்கே பிரகாசமாக இருந்தாலும் மங்கலாக இருந்தாலும். 60 டெசிபல் டைனமிக் ரேஞ்சை (படத்தில் காட்டும் மிக வலுவான, மிக மெல்லிய எதிரொலிகளுக்கு இடையிலான வீச்சு) 0 முதல் 255 வரை பரப்பினால் ஒரு டெசிபலுக்கு 4.25 நிலைகள். ஆக, கல்லீரல் மாதிரி சீரான பகுதியில் ரத்தக் குழாய் படாமல் ஒரு சதுரம் வெட்டி நியமவிலக்கம் பார்த்தால் 24-க்குச் சற்றுக் கீழே வர வேண்டும். 8, 10 என்று வந்தால் யாரோ ஏற்கெனவே வழித்துவிட்டார்கள் என்று அர்த்தம். சாம்பல் நிறப் பட்டியல் நேர்கோடாக இல்லாவிட்டால் இந்த எண் நகரும், ஆனாலும் முதல் சந்தேகத்துக்கு இது போதும். டைனமிக் ரேஞ்ச் எவ்வளவு என்று பல கருவிகள் திரையின் ஓரத்திலேயே காட்டும், படத்தை வெட்டும் முன் அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

டைகாம் (மருத்துவப் படங்களுக்கான கோப்பு வடிவம்) கோப்பாக வந்தால், படத்தோடு வரும் தகவல் பகுதியான ஹெடரில் 0028,2110 என்ற டேகைப் பாருங்கள். 01 என்று இருந்தால் தகவல் இழக்கும் சுருக்கம் ஒரு தடவையாவது நடந்திருக்கிறது. வாட்ஸ்அப்பில் வந்த படத்தை மட்டும் தயவு செய்து எடுக்காதீர்கள்.

3. இலவசத் தரவுத் தொகுப்புகள்: என்ன கிடைக்கும், எங்கே மாட்டுவீர்கள்

நேரம் குறைவாக இருந்தால் இங்கிருந்து தொடங்குவதுதான் புத்திசாலித்தனம். செலவு இல்லை. உரிம விதிகளை மட்டும் படித்து, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, தீசிஸ் பின்னிணைப்புக்கு ஒதுக்கி வையுங்கள்.

பூசி என்று அழைக்கப்படும் மார்பக அல்ட்ராசவுண்டு தொகுப்பை எல்லாரும் எடுப்பார்கள். கெய்ரோவில் 2018-ல் 600 பெண்களிடம் எடுத்த 780 படங்கள், கட்டியின் எல்லை வரைந்தே கிடைக்கும். ஆனால் சில படங்கள் இரட்டையாக இருக்கின்றன, சிலவற்றில் மருத்துவர் வைத்த அளவுக் குறிகள் படத்துக்குள்ளேயே பதிந்திருக்கின்றன. ட்ரெயினிங்கிலும் டெஸ்டிங்கிலும் ஒரே படம் வந்தால் உங்கள் எண்கள் அழகாகத்தான் வரும், ஆனால் பிரயோஜனமில்லை. எச்சி18 என்பது கருவின் தலைச் சுற்றளவுக்கான தொகுப்பு, 999 பயிற்சிப் படங்கள், 335 சோதனைப் படங்கள். இதயத்துக்கு காமுஸ், 500 நோயாளிகள். இவை எல்லாமே காட்சிப் படங்கள், அதாவது இரண்டாம் படியில் சொன்ன எல்லாக் கைகளும் மாறி வந்தவை.

மூல சிக்னலே வேண்டும் என்றால் பிக்மஸ். 2016-ல் ஐஇஇஇ அல்ட்ராசவுண்டு மாநாட்டுப் போட்டிக்காக வெளியிட்ட தொகுப்பு. 75 கோணங்களில் எடுத்த தளஅலைத் தரவு, சிமுலேஷன், ஃபேண்டம், கழுத்துத் தமனி எல்லாம் இருக்கின்றன. என்னைக் கேட்டால் பீம்ஃபார்மிங் (மூல சிக்னல்களைச் சேர்த்துப் படமாக்குவது) பக்கம் தலை வைத்துப் படுக்காத மாணவர்கள்கூட ஒரு வாரம் செலவழித்து இதை ஓட்டிப் பார்க்க வேண்டும். ஆனால் இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. 75 கோணங்களையும் கட்டத்தோடு (ஃபேஸ், அதாவது அலையின் ஏற்ற இறக்க நிலை) சேர்த்துக் கூட்டிய படத்தைச் ‘சுத்தமான’ படமாக வைத்து, ஒற்றைக் கோணப் படத்தை அதோடு ஒப்பிடுவார்கள். கட்டத்தோடு கூட்டினால் தெளிவும் வேறுபாடும் கூடும், ஸ்பெக்கிள் அப்படியே இருக்கும். ஸ்பெக்கிள் குறைந்த ஒப்பீட்டுப் படம் வேண்டுமென்றால், கோணங்களைச் சில குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவிலும் என்வலப் எடுத்த பிறகு சராசரி போட வேண்டும். அப்படிச் செய்தால் பக்கவாட்டுத் தெளிவு குறையும், அதையும் எழுதிவிடுங்கள்.

4. மருத்துவமனைப் படம் வேண்டுமென்றால் காகிதத்தை முதல் நாளே தொடங்குங்கள்

‘தெரிந்த டாக்டர் இருக்கிறார், பென் ட்ரைவில் தருவார்’ என்ற பேச்சே வேண்டாம். பெயரை அழித்த பழைய படங்களாக இருந்தாலும் நெறிமுறைக் குழுவின் பார்வைக்குப் போக வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் 2017 வழிகாட்டு நெறிகளில் மூன்று தடங்கள் இருக்கின்றன: விலக்கு, விரைவுப் பரிசீலனை, முழுக் குழுப் பரிசீலனை. உங்களுடையது பெரும்பாலும் முதல் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். ஆனால் எது என்று முடிவு செய்வது குழுதான், நீங்களோ உங்கள் கைடோ அல்ல.

வழக்கமாகக் கேட்கும் காகிதங்கள்: ஆய்வுத் திட்டம், கல்லூரியில் இருந்து கைடும் துறைத்தலைவரும் கையெழுத்திட்ட கடிதம், மருத்துவமனையில் கதிரியக்கத் துறைத் தலைவரின் சம்மதம், அங்கேயே ஒரு மருத்துவர் இணை ஆய்வாளராக இருப்பதற்கான ஒப்புதல், எல்லாருடைய சுருக்கமான தன்விவரம், நோயாளியின் சம்மதப் படிவம் அல்லது அதிலிருந்து விலக்குக் கேட்கும் கடிதம், தரவை எப்படி அடையாளம் நீக்கி எங்கே எத்தனை காலம் வைப்பீர்கள் என்ற ஒரு பக்கம். இந்தக் கடைசிப் பக்கத்தைத்தான் எல்லாரும் கடமைக்கு எழுதுவார்கள், குழு கேள்வி கேட்பதும் அதிலேயேதான்.

பொறியியல் கல்லூரியில் பெரும்பாலும் தனியாக நெறிமுறைக் குழு இருக்காது என்பதால் மருத்துவமனைக் குழுவிடம்தான் போக வேண்டும். அது நீங்கள் நினைத்த நேரத்தில் கூடாது. கூடும் தேதியையும், காகிதம் கொடுக்கக் கடைசி நாளையும் அலுவலகத்தில் நேரில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மாணவர் ஆய்வுக்குக் கட்டணச் சலுகை உண்டா என்பதையும் அப்போதே கேளுங்கள். ஒரு திருத்தம் சொன்னாலும் அடுத்த கூட்டம்வரை போய்விடும், அதனால் எம்.இ. மாணவர்கள் முதல் கட்டம் தொடங்கும்போதே விண்ணப்பத்தைக் கொடுத்தால்தான் இரண்டாம் கட்டத்தில் படம் கைக்கு வரும். ஒற்றை செமஸ்டர் ப்ராஜெக்ட் என்றால் இந்தப் படியையே தவிர்த்துவிட்டு மூன்றாம் படியோடு நில்லுங்கள்.

அடையாளம் நீக்குவதில் ஒரு முக்கியமான விஷயம். பைடைகாம் என்ற பைத்தான் தொகுப்பை வைத்து 0010,0010 பெயர், 0010,0020 நோயாளி எண், 0010,0030 பிறந்த தேதி எல்லாவற்றையும் அழித்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடுவோம். சிடி ஸ்கேனில் அது பெருமளவு சரி. அல்ட்ராசவுண்டில் பெயர், வயது, மருத்துவமனை, தேதி எல்லாம் படத்தின் மேல் ஓரத்தில் பிக்சலாகவே பதிந்திருக்கும், ஹெடரை அழித்தால் அது போகாது. 0018,6011 என்ற டேகில் ஸ்கேன் பகுதி படத்தில் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற எல்லை இருக்கும், அதை வைத்து வெட்டுங்கள். பிறகும் ஒவ்வொரு படத்தையும் கண்ணால் ஒருமுறை பாருங்கள். இந்த வேலை மருத்துவமனைக் கம்ப்யூட்டரிலேயே நடக்க வேண்டும், உங்கள் லேப்டாப்புக்கு வந்த பிறகு அல்ல.

கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் சட்டம் இருப்பதால், கர்ப்பகால ஸ்கேன் படங்களை உள்ளூரில் திரட்ட நினைக்காதீர்கள். கரு வேண்டும் என்றால் எச்சி18 போதும்.

5. ‘நாமே ஒரு ப்ரோப் வாங்கிவிடலாமே?’

கூடாது. ஆன்லைனில் யுஎஸ்பி ப்ரோப், பழைய கருவி எல்லாம் கண்ணில் படும். மேலே சொன்ன பாலினத் தடைச் சட்டமான பிசிபிஎன்டிடி சட்டப்படி, பதிவு பெறாதவருக்கு அல்ட்ராசவுண்டு கருவியை விற்பதே தடை. இந்தச் சட்டத்தின் கீழ் வரும் குற்றங்கள் பிணையில் விட முடியாதவை. கல்லூரி முறையாகப் பதிவு செய்யலாம் என்றால் படிவம் ஏ, தகுதியுள்ள மருத்துவர், மையத்தின் வகையைப் பொறுத்து 25,000 அல்லது 35,000 ரூபாய் கட்டணம், ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிப்பு என்று போகும். ஒரு மாணவரின் ப்ராஜெக்டுக்குள் அடங்கும் சமாச்சாரமே இல்லை. பதிவு பெற்ற மையத்துக்குப் போய், அவர்கள் கருவியில், அவர்கள் மருத்துவர் முன்னிலையில் எடுங்கள்.

6. ஃபேண்டமும் சிமுலேஷனும்

கடையில் விற்கும் ஃபேண்டம் மாணவர் பட்ஜெட்டில் வராது. வீட்டில் செய்வதற்கு அகர், தண்ணீர், இசப்கோல் உமி போதும். அகரை மளிகைக் கடையில் கடற்பாசி என்றோ சைனா கிராஸ் என்றோ கேளுங்கள். 100 மில்லி தண்ணீருக்கு 3 கிராம் அகர், 1 முதல் 2 கிராம் உமி. அகர் முழுதும் கரையும்வரை கொதிக்க வைத்து, கை பொறுக்கும் சூட்டுக்குச் சற்று மேலே ஆறியதும் உமியைத் தூவி மெதுவாகக் கிளறுங்கள். வேகமாகக் கிளறினால் காற்றுக் குமிழ் மாட்டும், அது படத்தில் வெள்ளையாக அடிக்கும், பின்னால் நிழலும் விழும். மிகச் சூடாக இருக்கும்போது தூவினால் உமி அடியில் தங்கி மேல் பாதி கறுப்பாகிவிடும். உமி கலக்காத அகரைச் சிறு உருளையாக உறைய வைத்து நடுவில் புதைத்தால் நீர்க்கட்டி மாதிரி கறுப்பு வட்டம் கிடைக்கும். ஃப்ரிட்ஜில் சில நாள் தாங்கும். கருவி ஒலி வேகத்தை விநாடிக்கு 1540 மீட்டர் என்று வைத்துக் கணக்குப் போடும், அகரில் அது சற்றுக் குறைவு, அதனால் நீள அளவுகள் கொஞ்சம் பிசகும். இரைச்சல் ஆய்வுக்கு அது பொருட்டில்லை.

ஸ்கேன் அறைக்குக் கொண்டுபோகும்போது மேலே கிளிங் ஃபிலிம் சுற்றி அதன் மீது ஜெல் போடுங்கள். ப்ரோபில் அகர்த் துணுக்கு ஒட்டியது தெரிந்தால் அடுத்த தடவை உள்ளே விடமாட்டார்கள். காலை ஓபி நேரத்தில் போகாதீர்கள். பெர்சிஸ்டென்ஸ், காம்பவுண்டிங், ஸ்பெக்கிள் குறைப்பு மூன்றையும் அணைத்து ஒரு தொகுதி, ஒவ்வொன்றாகப் போட்டு ஒவ்வொரு தொகுதி என்று எடுத்து வாருங்கள். கருவியின் சொந்தக் குறைப்போடு உங்கள் ஃபில்ட்டரை ஒப்பிட இது ஒன்றுதான் வழி. ஆழம், கெயின், அலைவரிசை, ஃபோகஸ் நான்கையும் இடையில் மாற்றாதீர்கள்.

சிமுலேஷனுக்கு டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலையின் ஃபீல்டு டூ இருக்கிறது, இலவசம், ஆனால் மேட்லாப் வேண்டும். அதோடு வரும் நீர்க்கட்டி உதாரணத்தில் ஒரு லட்சம் சிதறல் புள்ளிகள். படத்தின் ஒவ்வொரு ஸ்கேன் கோடும் தனித்தனிக் கணக்கு என்பதால் மூன்று நான்கு மேட்லாப் ஜன்னல்களைத் திறந்து பங்கு போட்டு இரவில் ஓட விடலாம்.

இதையெல்லாம் விட்டுவிட்டு கேமராமேன் (கேமராவோடு நிற்கும் மனிதரின் பழைய சோதனைப் புகைப்படம்) படத்தை எடுத்து, மேட்லாபில் இம்நாய்ஸ் கட்டளையில் ‘ஸ்பெக்கிள்’ என்று கொடுத்து, அதை நீக்கிக் காட்டுவது ஒரு பழைய வழக்கம். அந்தக் கட்டளை ஒவ்வொரு பிக்சலிலும் தனித்தனியாக, சீரான பரவலில் இருந்து ஓர் எண்ணை எடுத்துப் பெருக்கிச் சேர்க்கிறது. உண்மையான ஸ்பெக்கிளில் அடுத்தடுத்த பிக்சல்கள் ஒன்றையொன்று சார்ந்திருக்கும், பரவலும் வேறு. இம்நாய்ஸில் பழக்கிய நியூரல் நெட்வொர்க் இம்நாய்ஸை மட்டும் அருமையாக நீக்கும்.

7. ஃபில்ட்டர்: எளியதில் இருந்து ஏறுங்கள்

மூன்றுக்கு மூன்று மீடியன் (சுற்றியுள்ள ஒன்பது பிக்சல்களின் நடு மதிப்பு), அப்புறம் லீ, ஃப்ராஸ்ட், எஸ்ஆர்ஏடி, ஓபிஎன்எல்எம் என்ற பெயருள்ள ஃபில்ட்டர்கள், இந்த வரிசையில் போனால் போதும். லீயும் ஃப்ராஸ்டும் 1980-களின் தொடக்கத்தில் ரேடார் படங்களுக்காக வந்தவை. எஸ்ஆர்ஏடி 2002, ஓபிஎன்எல்எம் 2009.

லீ, ஃப்ராஸ்ட், எஸ்ஆர்ஏடி மூன்றும் இரைச்சல் பெருக்கலாகச் சேர்ந்திருக்கிறது என்ற எண்ணத்தில் எழுதப்பட்டவை. லாக் எடுத்த படத்தில் அது கூட்டலாக மாறிவிட்டிருக்கும். அதனால் ஒன்று, படத்தைத் திரும்ப விரித்து ஃபில்ட்டர் போட்டு மறுபடி லாக் எடுங்கள், அல்லது கூட்டல் இரைச்சலுக்கான ஃபில்ட்டரைப் பயன்படுத்துங்கள். எதைச் செய்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். வைவாவில் கேட்பார்கள்.

வளைந்த ப்ரோப் படத்தில் ஸ்பெக்கிள் ஆழம் போகப் போகப் பக்கவாட்டில் நீளும். மேலே சரியாக இருக்கும் ஜன்னல் அளவு கீழே போதாது. ஸ்கேன் கன்வர்ஷனுக்கு முந்தைய தரவு கிடைத்தால் ஓரளவு தப்பிக்கலாம்.

டீப் லேர்னிங் பக்கம் போகிறவர்கள் இரண்டு விஷயம் கவனியுங்கள். சுத்தமான படம் இல்லாமலே பழக்கலாம் என்று 2018-ல் வந்த நாய்ஸ்டுநாய்ஸ் முறைக்கு, ஒரே காட்சியின் இரண்டு சார்பில்லாத இரைச்சல் படங்கள் வேண்டும். அசையாத ப்ரோபின் இரண்டு ஃப்ரேம்களைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று முதல் படியிலேயே பார்த்தோம், மின்னணு இரைச்சல் மட்டும் போகும். நாய்ஸ்டுவாய்டு முறையோ இரைச்சல் பிக்சலுக்குப் பிக்சல் தொடர்பில்லாதது என்று நம்புகிறது, ஸ்பெக்கிள் அப்படி இல்லை.

முடிவைப் பார்க்கும்போது சீரான பகுதியை மட்டும் பார்த்து மகிழ வேண்டாம். தைராய்டிலும் மார்பகத்திலும் நுண் சுண்ணப் படிவுகள் ஒன்றிரண்டு பிக்சல் வெள்ளைப் புள்ளிகளாகத்தான் தெரியும். மருத்துவர் தேடுவதே அதைத்தான், ஃபில்ட்டர் முதலில் விழுங்குவதும் அதைத்தான். கல்லீரலில் கொழுப்பு என்று சொல்வதிலும் அந்தப் பொரி அமைப்பின் தன்மைக்குப் பங்கு உண்டு. இதய ஸ்கேனில் ஸ்பெக்கிளைப் பின்தொடர்ந்தே தசை அசைவை அளக்கிறார்கள். ‘முழுவதும் நீக்கினோம்’ என்று எழுதினால் பாராட்டு வராது.

8. அளவீடு

பிஎஸ்என்ஆர், எஸ்எஸ்ஐஎம் (இரண்டு படங்களின் அமைப்பு எவ்வளவு ஒத்திருக்கிறது என்ற அளவு) இரண்டுக்கும் ஒப்பீட்டுப் படம் வேண்டும். மருத்துவமனைப் படத்துக்கு அது கிடையாது. ஃபில்ட்டருக்கு முந்தைய படத்தையே ஒப்பீடாக வைத்து பிஎஸ்என்ஆர் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கணக்கில் எதுவுமே செய்யாத ஃபில்ட்டர்தான் முதல் பரிசு வாங்கும்.

சிமுலேஷனிலும் ஃபேண்டமிலும் சிஎன்ஆர் (கட்டிக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாட்டை இரைச்சலோடு ஒப்பிடும் அளவு), அதன் பொதுமைப்படுத்திய வடிவமான ஜிசிஎன்ஆர் எடுங்கள். சிஎன்ஆரை டைனமிக் ரேஞ்சைத் திருகியே ஏற்றிவிடலாம், ஜிசிஎன்ஆர் அந்தத் திருகலுக்கு மசியாது. ஈஎன்எல் (சீரான பகுதி எவ்வளவு வழவழப்பானது என்ற அளவு) போடுவதென்றால் லாக் எடுக்காத படத்தில் போடுங்கள். படத்தை முழுக்க வழித்து ஒரே சாம்பல் நிறமாக்கினால் ஈஎன்எல் வானத்துக்குப் போகும் என்பதால், விளிம்பு எவ்வளவு காக்கப்பட்டது என்ற அளவு ஒன்றும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

மருத்துவரிடம் காட்டும்போது ‘எது நன்றாக இருக்கிறது’ என்று கேட்காதீர்கள், வழவழப்பானதைக் காட்டுவார்கள், அல்லது பழகிய பழைய படத்தையே கேட்பார்கள். கட்டியின் எல்லையை வரையச் சொல்லுங்கள், புள்ளிகளை எண்ணச் சொல்லுங்கள். படங்களைக் கலைத்து, எது எந்த ஃபில்ட்டர் என்று மறைத்து, சிலவற்றை இரண்டாம் முறையும் கலந்து கொடுங்கள். அவர் தன்னோடே எவ்வளவு ஒத்துப்போகிறார் என்பதும் தெரிந்துவிடும்.

9. செலவு, நேரம்

மென்பொருளுக்குப் பணம் தேவையில்லை. பைத்தான் இலவசம், மேட்லாப் கல்லூரி உரிமத்தில் இருக்கிறதா என்று லேபில் கேளுங்கள், கூகுள் கோலாப் இலவசக் கணக்கில் ஒரு அமர்வு அதிகபட்சம் 12 மணி நேரம்தான், அதற்குள்ளும் அறுந்துவிடலாம், அதனால் மாடலை டிரைவில் அடிக்கடி சேமியுங்கள். ஃபேண்டம் பொருள் சில நூறு ரூபாய்க்குள் முடியும். உண்மையான செலவு மருத்துவமனைக்கு அலைவதும் ப்ரிண்ட், பைண்டிங்கும்தான். ரெடிமேட் கோடு விற்கும் ப்ராஜெக்ட் சென்டர்களில் கிடைப்பது பெரும்பாலும் ஆறாம் படியில் சொன்ன கேமராமேன் வகையறா. பணம் கொடுத்து அந்தத் தலைவலியை வாங்காதீர்கள்.

நேரத்தில் பாதியைத் தரவுக்கும் காகிதத்துக்கும் ஒதுக்குங்கள், கால்வாசி அளவீட்டுக்கு. மிச்சம்தான் ஃபில்ட்டருக்கு. கைடு இதை ஒத்துக்கொள்ள மாட்டார், முதல் ரெவ்யூவிலேயே ‘அவுட்புட் எங்கே’ என்பார். மீடியனும் லீயும் போட்ட இரண்டு படங்களைக் கையில் வைத்திருங்கள், அது அன்றைக்குப் போதும்.

10. தீசிஸ் கொடுத்த பிறகும் வேலை இருக்கிறது

நெறிமுறைக் குழுவுக்கு ஆய்வு முடிந்ததற்கான அறிக்கை கொடுக்க வேண்டும், ஒரு பக்கம்தான். திட்டத்தில் தரவை எத்தனை காலம் வைப்பதாக எழுதினீர்களோ அந்தத் தேதியை மொபைல் காலண்டரில் போடுங்கள். லேப்டாப், பென் ட்ரைவ், டிரைவ் கணக்கு, கூடப் படித்தவருக்கு அனுப்பிய நகல் எல்லாவற்றையும் அன்றைக்கு அழித்துவிட்டு, அழித்தாயிற்று என்று துறைத்தலைவருக்கு ஒரு மெயில் போடுங்கள். அடுத்த பேட்ச்சில் அதே தலைப்பு எடுப்பவருக்கு உங்கள் கோடையும் ஃபேண்டம் படங்களையும் தாராளமாகக் கொடுக்கலாம், நோயாளிப் படங்களைக் கொடுக்கக் கூடாது. அவர் பெயரில் தனி அனுமதி வாங்கிக்கொள்ளட்டும்.